பரம்பரையாக வரும் விழித்திரை நோய்: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. என் தம்பிக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் இருக்கிறது. அவனைக் கூட்டிக்கொண்டு கிளினிக் கிளினிக்காக அலைந்த வருசங்களில் படித்ததும் கேட்டுத் தெரிந்ததும்தான் இவை. கிளினிக் வாங்கிலும் கல்யாண வீட்டிலும் இதே கேள்விகளைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதை விட முழுதாக எழுதி வைப்பது நல்லது என்று பட்டது.

இது என்ன நோய்?

கண்ணின் பின்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டியிருப்பது விழித்திரை. அதில் வெளிச்சத்தை வாங்கும் கலங்கள் இரண்டு வகை. கோல் கலங்கள் மங்கிய வெளிச்சத்துக்கும் பக்கவாட்டுப் பார்வைக்கும். ஒரு கண்ணில் இவை ஏறத்தாழ 12 கோடி. கூம்புக் கலங்கள் பகல் பார்வைக்கும் நிறத்துக்கும் எழுத்து வாசிப்பதற்கும். இவை 60 இலட்சம் அளவில். இந்தக் கலங்கள் உயிரோடிருக்கத் தேவையான ஒரு மரபணுவில் பிழை இருந்தால், அவை மெல்ல மெல்ல அழிகின்றன. கண்ணுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. சிவப்பு இல்லை, நோவு இல்லை, பீளை இல்லை. அதனால்தான் வீட்டில் யாரும் கவனிக்காமல் வருசங்கள் போய்விடுகின்றன.

ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவில் முதலில் போவது கோல் கலங்கள். இரவுப் பார்வை குறையும், பிறகு ஓரப் பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போல் ஆகும். ஸ்டார்கார்ட் நோயில் இதற்கு மாறாக நடுப்பார்வை முதலில் கெடும். லீபர் பிறவிப் பார்வையிழப்பு குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே தெரியும். அஷர் நோய்க்குறியில் கண்ணோடு காதும் சேர்ந்து பாதிக்கப்படும். இந்தக் குடும்பத்து நோய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 270-க்கும் மேற்பட்ட மரபணுக்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இவ்வளவு அரிது என்றால் எங்கள் ஊரில் வேறு யாருக்கும் இருக்குமா?

ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா உலகளவில் ஏறத்தாழ 4000 பேருக்கு ஒருவர் என்று சொல்வார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 11 இலட்சத்துக்கு மேல் சனம். அந்தக் கணக்கில் போட்டால் நம்மிடையே கிட்டத்தட்ட 300 பேர் வருகிறது. சொந்தத்துக்குள் கல்யாணம் கூடுதலாக நடக்கும் இடங்களில் இந்த எண்ணிக்கை ஏறலாம். நாங்கள் மட்டும்தான் என்று எங்கள் அம்மா பல வருசம் நினைத்திருந்தார். இல்லை அம்மா, நாம் மட்டும் இல்லை.

எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்?

தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு இரவு கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் எல்லாரும் முற்றத்துக்கு வந்து பாய் போட்டு உட்கார்ந்தோம். நிலவு இருந்தது. எங்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. அவன் மட்டும் கதவு நிலையைப் பிடித்தபடி நின்று, "அக்கா, எங்க இருக்கீங்க?" என்று கேட்டான். நான் அவனுக்கு முன்னால் நாலடி தூரத்தில் இருந்தேன். விளையாட்டுக்குச் செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் மனம் நோகிறது. ஆகையால் விபரமாகச் சொல்கிறேன். பொழுது பட்டதும் வெளியே வர மறுக்கும் பிள்ளை, பின்னேர வகுப்பு முடிந்து வரும்போது யாருடையவாவது கையைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை, வெயிலில் இருந்து வீட்டுக்குள் வந்ததும் வாசலிலேயே கொஞ்ச நேரம் தயங்கி நிற்கும் பிள்ளை, இவர்களைக் கவனியுங்கள். பெரியவர்களில், வயல் வரம்பில் நடக்கும்போது அடிக்கடி சேற்றுக்குள் கால் வைப்பவர்கள், இரவில் தோணி தள்ளப் பின்வாங்குபவர்கள், கோயில் திருவிழாக் கூட்டத்தில் பக்கத்தில் வருபவரை இடித்துவிட்டு "பார்க்கவில்லை" என்று சொல்பவர்கள். அவர்கள் உண்மையில் பார்க்கவில்லைதான்.

கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டும் கரும்பலகை எழுத்து தெரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், நடுப்பார்வையைப் பாதிக்கும் வகையாக இருக்கலாம். கைக்குழந்தை முகம் பார்த்துச் சிரிக்காமல், கண் ஆடிக்கொண்டே இருந்து, விரலாலோ கைமுட்டியாலோ கண்ணை அழுத்தி அழுத்தித் தேய்த்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

மாலைக்கண் தானே? முருங்கையிலையும் மீன் எண்ணெயும் கொடுத்தால் சரிவராதா?

மாலைக்கண் என்பது ஒரு அறிகுறி, அதற்குக் காரணங்கள் பல. விற்றமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண் என்றால் விற்றமின் கொடுத்ததும் திரும்பும். அது பெரிய நிம்மதி, அதனால் அதை முதலில் சோதித்துப் பார்ப்பது நியாயம்தான். மரபணுவால் வந்தது என்றால் எத்தனை கட்டுப் பொன்னாங்காணி சாப்பிட்டாலும் திரும்பாது.

கறியாகச் சாப்பிடுவதில் ஒரு கெடுதியும் இல்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் விற்றமின் ஏ குளிசைகளை உங்கள் எண்ணத்துக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஸ்டார்கார்ட் நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் விற்றமின் ஏ கெடுதி செய்யும் என்று டொக்டர்மார் எச்சரிக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அளவு கூடினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. ஈரலும் பாதிக்கப்படலாம்.

குடி பார்த்துத்தானே கல்யாணம் செய்தோம். அப்படியிருக்க எப்படி வந்தது?

இந்தக் கேள்வியை நம் பகுதியில்தான் இப்படிக் கேட்பார்கள். ஆறுதலாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

நம் குடி, அதாவது வம்சப் பிரிவு, தாய் வழி. அம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. ஒரே குடிக்குள் கட்டக்கூடாது என்பது முறை. ஆனால் மாமாவின் மகளுக்கு மாமியின் குடி, நமக்கு அம்மாவின் குடி. குடிகள் வேறு, ஆகவே மச்சான் மச்சாள் கல்யாணம் முறைப்படி சரி. மரபணுவோ குடி பார்க்காது. அது அம்மாவிடம் இருந்து பாதி, அப்பாவிடம் இருந்து பாதி. மாமாவும் அம்மாவும் ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள் என்பதால், தாத்தாவிடமோ அம்மம்மாவிடமோ இருந்த ஒரே பிழை இரண்டு பேர் வழியாகவும் இறங்கி, கடைசியில் ஒரு பிள்ளையிடம் இரட்டையாகச் சேரலாம். பின்னடைவு வகை என்பது இதுதான். அம்மாவும் அப்பாவும் ஒவ்வொரு பிழையை மட்டும் சுமக்கிறார்கள், அவர்கள் கண் நன்றாகவே இருக்கும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. சொந்தம் இல்லாத இருவருக்கும் தற்செயலாக இப்படி அமையலாம், அபூர்வமாகத்தான்.

இன்னொன்று ஆட்சி வகை. தாய் அல்லது தகப்பனிடம் நோய் இருக்கும், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மூன்றாவது வகை, எக்ஸ் நிறமூர்த்தம் (மரபணுக்களைத் தாங்கும் இழைகளில் ஒன்று) வழியாக வருவது. பெண்கள் சுமப்பார்கள், அவர்களுக்குப் பெரும்பாலும் இலேசான அறிகுறி மட்டும் இருக்கும் அல்லது ஒன்றுமே இருக்காது. ஆண் பிள்ளைகளைத்தான் இது கடுமையாகப் பிடிக்கும். நோயுள்ள ஆணின் மகன்மாருக்கு அவரிடமிருந்து இது வராது, ஆனால் மகள்மார் எல்லாரும் சுமப்பவர்கள்.

இங்கேதான் நம் குடி அறிவு கைகொடுக்கிறது. எங்கள் அம்மம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் தன் தாய், தாயின் தாய், அவர்களின் சகோதரர்கள் என்று ஐந்து தலைமுறையைப் பெயரோடு சொல்வார். ஒரு நாள் ரெஜிஸ்டர் கொப்பியை விரித்து வைத்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அம்மாவின் மாமா ஒருவர் பொழுது பட்டால் கிணற்றடிக்குக் கூடப் போக மாட்டாராம், பேய்க்குப் பயந்தவர் என்று ஊர் சொன்னதாம். அவருக்கு மேலே இன்னொரு மாமாவும் அப்படியே. அந்தக் கொப்பியைப் பார்த்த டொக்டர் பேனையை எடுத்து இரண்டு பெயர்களுக்கும் வட்டம் போட்டார். அது எக்ஸ் வழியாக வருவதாக இருக்கலாம் என்று சந்தேகித்தது அந்தக் கொப்பியால்தான்.

ஆகவே பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். யாருக்கு இரவில் கண் தெரியவில்லை, யாருக்குச் சிறு வயதில் காது கேட்கவில்லை, யார் யாரை முடித்தார்கள், இளம் வயதில் இறந்த பிள்ளைகள் உட்பட.

தாயைக் குற்றம் சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். எவருக்கும் தான் எதைச் சுமக்கிறோம் என்று முன்கூட்டித் தெரியாது.

முதலில் எங்கே காட்டுவது?

மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவு. அம்பாறைக்காரர்களுக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை. கல்முனைப் பக்கத்தவர்கள் அங்குள்ள ஆதார வைத்தியசாலைகளில் கண் வைத்திய நிபுணர் எந்த நாளில் வருகிறார் என்று முதலில் கேளுங்கள். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது இதற்குப் போதாது. அங்கே எழுத்துப் பலகையைத்தான் பார்ப்பார்கள், ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா உள்ள பலர் ஆரம்பத்தில் அந்தப் பலகையின் கடைசி வரி வரை வாசித்துவிடுவார்கள். தம்பியும் வாசித்தான்.

கண் வைத்திய நிபுணர் விழித்திரையைப் பார்த்துச் சந்தேகப்பட்டால், விழித்திரை நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். பெரும்பாலும் அது கொழும்பில் லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய கண் வைத்தியசாலையாக இருக்கும். அம்பாறையில் இருந்து மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போவது சிலருக்கு வசதி, அதையும் டொக்டரிடம் கேட்கலாம்.

கொழும்புப் பயணம் பற்றி இரண்டு விசயம். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், அதன் பிறகு சில மணி நேரம் பார்வை மங்கி வெளிச்சம் கூசும், ஆகவே தனியாகப் போகவே கூடாது. இரவு ரயிலில் போய் விடியற்காலை இறங்குபவர்கள், திரும்பும் பயணத்தை அன்றைக்கே என்று முடிவு கட்டாமல் ஒரு இரவு தங்க இடம் பார்த்து வையுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவர் கூடவந்தால் நல்லது. இல்லாவிட்டால் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு துண்டில் ஆங்கிலத்தில் யாரையாவது கொண்டு எழுதி வாங்கிப் போங்கள். நாங்கள் முதல் தடவை வெறுங்கையோடு போய், டொக்டர் சொன்னதில் பாதி விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

இந்தியாவுக்குப் போக வேண்டுமா?

எல்லாருக்கும் அவசியம் இல்லை. போக முடிந்தால் மூன்று இடங்களைச் சொல்லலாம்: மதுரையில் 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னையில் 1978-இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா, ஹைதராபாத்தில் 1987-இல் தொடங்கிய எல்.வி. பிரசாத் கண் நிறுவனம். மூன்றிலும் கண் மரபணு ஆராய்ச்சியும் நடக்கிறது. மதுரையிலும் சென்னையிலும் நம் மொழியிலேயே கதைக்கலாம், அதுவே பாதிப் பாரத்தைக் குறைக்கும். ஆனால் கடன் பட்டு ஓடுவதற்கு முன் இங்கே செய்யக்கூடிய பரிசோதனைகளை இங்கேயே முடித்து, ரிப்போர்ட்டுகளோடு போங்கள்.

என்னென்ன பரிசோதனை செய்வார்கள்? பிள்ளைக்கு நோகுமா?

பெரும்பாலானவை நோகாது. ஓசிடி என்பது விழித்திரையின் குறுக்குவெட்டுப் படம், சில நிமிட வேலை. பார்வைப் புலச் சோதனையில் ஒரு கிண்ணம் போன்ற மெசினுக்குள் பார்த்தபடி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். களைப்பான வேலை, முதல் தடவை பலருக்குப் பிசகும்.

முக்கியமானது ஈஆர்ஜி. இதயத்துக்கு ஈசிஜி போல விழித்திரைக்கு இது. 20 நிமிடம் இருட்டில் இருக்க வைத்து, கண்ணில் மெல்லிய மின்வாய் பொருத்தி, வெளிச்சத்தை மினுக்கி, கலங்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சில வேளை மயக்க மருந்து தேவைப்படும். இருட்டு அறைக்குள் பிள்ளை பயப்படும், பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளக் கேளுங்கள்.

காது சோதனையையும் நீங்களாகவே கேளுங்கள். கையில் காலில் ஆறாவது விரல் இருந்து வெட்டியிருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பார்டே பீடில் என்ற வகையில் விரலும் உடற்பருமனும் சிறுநீரகமும் கண்ணும் ஒரே நூலில் கோத்தவை.

மரபணுப் பரிசோதனை தேவையா?

என் எண்ணத்தில், முடிந்தால் கட்டாயம் செய்ய வேண்டியது. இரத்தம் அல்லது உமிழ்நீர் போதும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் அலகு 1983-இலிருந்து இருக்கிறது, மரபியல் ஆலோசனைக்கும் அங்கே கேட்கலாம். முடிவு வர வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும்.

ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தெளிவான விடை கிடைப்பதில்லை. அது உங்கள் பிழையும் இல்லை, பணம் வீணானதும் இல்லை. அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், சில வருசம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். புதிய மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

"இதுக்கு ஒண்டும் செய்ய ஏலாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உண்மையா?

அழிந்த கலங்களைத் திருப்பித் தரும் மருந்து இன்று கையில் இல்லை என்பது உண்மை. ஒன்றுமே செய்ய ஏலாது என்பது உண்மை இல்லை. எங்களுக்கும் ஒரு இடத்தில் அப்படிச் சொன்னார்கள். அதைக் கேட்டு இரண்டு வருசம் நாங்கள் எந்தக் கிளினிக்குக்கும் போகவில்லை. அந்த இரண்டு வருசத்தில் தம்பியின் விழித்திரை நடுவில் நீர் கோத்திருந்தது. வைத்தியம் செய்யக்கூடிய வீக்கம் அது. சொட்டு மருந்திலும் குளிசையிலும் வற்றக்கூடியது. அதுபோல இந்த நோயாளிகளுக்கு இளம் வயதிலேயே கண்புரையும் வரும், சத்திர சிகிச்சை செய்தால் பலருக்கு மிச்சமிருக்கும் பார்வை தெளிவாகும். ஆகவே வருசத்துக்கு ஒரு தடவையாவது காட்டுங்கள்.

அரிய சில வகைகளுக்கு வைத்தியமே உண்டு. ரெஃப்சம் நோயில் குறிப்பிட்ட கொழுப்பு உள்ள உணவுகளைத் தவிர்த்தால் நோய் வேகம் குறையும். விற்றமின் ஈ உடலில் சேராத ஒரு வகைக்கு அந்த விற்றமினையே பெரிய அளவில் கொடுப்பார்கள்.

ஆர்பிஈ65 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பிழை உள்ளவர்களுக்கு லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சையை அமெரிக்கா 2017 டிசம்பரில் அங்கீகரித்தது. விழித்திரைக்குக் கீழே ஒரு தடவை ஊசியால் செலுத்துவது. இரண்டு கண்ணுக்கும் 8,50,000 டொலர் என்று விலை வைத்தார்கள். நம்மால் நினைக்கவும் ஏலாத தொகை. ஆனாலும் மரபணுவின் பெயர் தெரிந்தவர்தான் நாளைக்கு வரும் சிகிச்சைக்கோ ஆய்வுக்கோ வரிசையில் நிற்க முடியும்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார்.

எவ்வளவு காசு கேட்கிறார்? அதுதான் முதல் கேள்வி. முறையான ஆய்வில் பங்கெடுக்கும் நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு வாங்குவது வழக்கம் இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் மூன்று பெண்கள் தங்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களைக் காசு கொடுத்து இரண்டு கண்ணிலும் ஏற்றிக்கொண்டு, பார்வையைப் பெரும்பாலும் இழந்ததாக 2017-இல் மருத்துவ இதழில் பதிவானது. அவர்களுக்கு இருந்தது வேறு விழித்திரை நோய், ஆனால் ஆசை காட்டிய விதம் ஒன்றுதான். எங்கள் அப்பாவும் ஒருவருடைய எண்ணெய்க்காக ஒரு போகத்து நெல்லை விற்றார். எண்ணெய் விட்ட கண் சிவந்து வீங்கியது. இருக்கும் பார்வையைப் பணயம் வைக்காதீர்கள்.

படிப்பு என்னாகும்?

தொடரும். ஆசிரியரிடம் போய் நேரே சொல்லுங்கள், முன் வாங்கில், கரும்பலகைக்கு நேராக, யன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காத இடம். பரீட்சைக்குப் பெரிய எழுத்து வினாத்தாள், கூடுதல் நேரம், எழுதுபவர் போன்ற சலுகைகளை அதிபர் மூலம் நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி மாதத்தில் ஓடாதீர்கள். பார்வை மிகவும் குறைந்த பிள்ளைகளுக்கு 1912-இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையும், சுன்னாகத்தில் வாழ்வகம், மட்டக்களப்பில் தரிசனம் என்ற நிலையங்களும் இருக்கின்றன.

அன்ட்ராய்ட் போனில் டோக்பேக் திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துச் சொல்லும். கணினியில் அதே வேலையைச் செய்யும் என்விடிஏ மென்பொருள் இலவசம். தம்பி டோக்பேக்கை வைத்து பஸ் நேரம் முதல் வங்கி வேலை வரை தானே செய்கிறான். வெள்ளைப் பிரம்புக்கும் மாதாந்தக் கொடுப்பனவுக்கும் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள், கிளினிக் கொப்பியின் போட்டோக் கொப்பி கையில் இருக்கட்டும்.

கல்யாணம் பேசும் இடத்தில் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். மறைத்துச் செய்த கல்யாணத்தில் நோயை விட மறைத்ததுதான் பெரிய காயமாகிறது. ஆனால் என்ன வகை என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள். பின்னடைவு வகை உள்ளவர் சொந்தத்துக்கு வெளியே கட்டினால், பிள்ளைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. "பரம்பரை வருத்தம்" என்று மொட்டையாகச் சொல்வதற்கும் இப்படிச் சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

தங்கை, அக்கா போன்றவர்களும் மரபியல் ஆலோசகரிடம் கதைப்பது நல்லது. எங்கள் வீட்டில் அது நான்தான். என் இரத்தத்தையும் கொடுத்தேன்.

பிள்ளைக்கு எப்போது சொல்வது?

பிள்ளை கேட்கும்போது. அநேகமாக நீங்கள் நினைப்பதற்கு முன்னமே கேட்பார்கள். தம்பிக்குப் பதினொரு வயதில், வைத்தியசாலையில் இருந்து திரும்பும் பஸ்ஸில், கல்லடிப் பாலத்தைத் தாண்டும் நேரம், "அக்கா, எனக்குக் கண் முழுக்கப் போயிருமா?" என்று கேட்டான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "எவ்வளவு போகும் எண்டு டொக்டருக்கும் தெரியாதாம். மெல்லமாத்தான் போகுமாம். இருட்டில நான் கையைப் பிடிக்கிறன்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் சைக்கிளுக்குப் பெரிய லைட் ஒன்று பூட்டித் தரச் சொல்லிக் கேட்டான். அடுத்த நாள் அப்பா பூட்டிக் கொடுத்தார்.